மராட்டியர் மறக்காத மேடைக் கல்யாணம்

அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் வாழ்க்கைக் கதை

கிர்லோஸ்கர் என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்குப் பம்பு செட்டுதான் நினைவுக்கு வரும். ஊரில் கிணற்றடியில் அந்தப் பெயரைப் பார்த்தே வளர்ந்தவர்கள் இங்கே மும்பையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆனால், நாடகம் பார்த்துப் பழகிய ஒரு மராட்டியப் பெரியவரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு நினைவு வருகிறவர் வேறொரு கிர்லோஸ்கர். உடனே அவர் முகம் மலரும். மெல்ல ஒரு பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினாலும் தொடங்குவார்.

இயந்திரத் தொழிலை நிறுவிய லட்சுமணராவ் கிர்லோஸ்கர் 1869-ல் பிறந்தவர். அவர் பிறந்த அதே சிற்றூரில், அவருக்கு 26 ஆண்டுகள் முன்னதாகப் பிறந்தவர் இந்த இன்னொரு கிர்லோஸ்கர். லட்சுமணராவ் இரும்பில் ஏர்க்கலப்பை செய்தார். இவர் பாட்டில் நாடகம் செய்தார்.

அவர்தான் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர்.

1882-ம் ஆண்டில் அவர் மேடையேற்றிய நாடகம் 'சங்கீத சௌபத்ரா'. 140 ஆண்டுகளைக் கடந்த பிறகும் மராட்டியர்கள் அதை மறக்கவில்லை. அழுகை இல்லை, கொலை இல்லை. காதலும் கேலியும் குழப்பமுமாக வளர்ந்து, கல்யாணத்தில் முடிகிற நாடகம் அது.

முடிவு என்ன என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரிந்தும் போகிறார்கள். தாத்தா போனார், மகன் போனார், பேரனும் போகிறான்.

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவது போல ஒரு நாடகத்துக்குப் போகிறார்கள் என்றால், அதை எழுதியவர் யார், எப்படி எழுதினார் என்று நாமும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

எல்லை ஊர்ப் பிள்ளை

அவருடைய முழுப்பெயர் பல்வந்த் பாண்டுரங்க கிர்லோஸ்கர். 1843-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி குர்லஹொசூர் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இன்று கர்நாடக மாநிலத்தில், பெல்காம் மாவட்டத்தில் இருக்கிறது.

வீட்டில் பேசுவது மராட்டி. வாசலில் இறங்கினால் கன்னடம். இரண்டு மொழியும் இரண்டு வகைப் பாட்டும் அவர் காதில் சேர்ந்தே விழுந்தன. பிற்காலத்தில் அவருடைய நாடகப் பாடல்களில் கன்னட நாட்டு மெட்டுகளும் கர்நாடக இசையின் சாயலும் தாராளமாகக் கலந்து வந்ததற்கு இந்த ஊர் வாசமே காரணம்.

அவர் பிறந்த ஆண்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு.

அதே 1843-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி, சாங்கிலி சமஸ்தானத்தில் விஷ்ணுதாஸ் பாவே என்பவர் 'சீதா சுயம்வரம்' என்ற நாடகத்தை அரங்கேற்றினார். மராட்டிய நாடக மேடையின் தொடக்கம் என்று அதைத்தான் கொண்டாடுகிறார்கள். இன்றும் நவம்பர் 5-ந் தேதி மராட்டிய நாடக தினம்.

ஆக, மராட்டிய நாடக மேடையும் அதற்குப் புது உருவம் கொடுத்த மனிதரும் ஒரே ஆண்டில் பிறந்தார்கள்!

இந்த இடத்தில் நம் தஞ்சாவூரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். சாங்கிலிக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சாகஜியின் காலத்தில் மராட்டி மொழியில் நாடகங்கள் எழுதப்பட்டன. அவற்றின் சுவடிகள் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. மராட்டிய நாடக வரலாற்றை எழுதுகிறவர்கள் தஞ்சையைத் தொடாமல் போக முடியாது.

சூத்திரதாரர் பாடுவார், ராஜா ஆடுவார்

விஷ்ணுதாஸ் பாவே காலத்து நாடகம் எப்படி இருந்தது?

மேடையின் ஓரத்தில் சூத்திரதாரர் நிற்பார். பாட்டு முழுவதையும் அவரே பாடுவார். ராமருக்கும் அவர்தான் பாட வேண்டும், ராவணனுக்கும் அவர்தான். வேடம் போட்டவர்கள் பாட்டுக்கு ஏற்ப ஆடுவார்கள். நடு நடுவே தங்களுக்குத் தோன்றிய வசனத்தைப் பேசுவார்கள். ராட்சச வேடக்காரர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு மேடையில் குதிப்பார்கள்.

நம் ஊர்த் தெருக்கூத்தில் கட்டியங்காரனையும் பின்பாட்டுக்காரர்களையும் பார்த்தவர்களுக்கு இது ஓரளவு புரியும்.

இந்த நாடகங்களைப் பார்த்துத்தான் சிறுவன் பல்வந்த் வளர்ந்தான். பார்த்ததோடு நிற்கவில்லை. அவனுக்குப் பாட்டுக் கட்ட வந்தது.

படிப்பா, நாடகமா?

மேல் படிப்புக்காக இளைஞர் கிர்லோஸ்கரைப் புனே நகருக்கு அனுப்பினார்கள். அன்று அதற்குப் பூனா என்று பெயர். படித்துப் பட்டம் வாங்கி, சர்க்கார் உத்தியோகத்தில் அமர வேண்டும் என்பது அக்காலத்தில் எல்லாப் பெற்றோருக்கும் இருந்த ஆசை.

ஆனால், அவரோ நாடகக் கொட்டகையைச் சுற்றினார். ஊர் ஊராகப் போகிற நாடகக் குழுக்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு தாமே ஒரு குழு அமைத்தார். அது நிலைக்கவில்லை. படிப்பும் முற்றுப்பெறவில்லை.

அந்த நாளில் நாடகக்காரன் என்றால் சமூகத்தில் மதிப்பு கிடையாது. நல்ல குடும்பத்துப் பிள்ளை நாடகத்தில் சேர்ந்தான் என்றால், அவன் கெட்டுப்போனான் என்றே அர்த்தம். பெண் கொடுக்க மாட்டார்கள். பந்தியில் பக்கத்தில் உட்காரத் தயங்குவார்கள்.

கிர்லோஸ்கர் ஊர் திரும்பினார். பெல்காமில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். அங்கே அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் கோவிந்த் பல்லாள் தேவல். பின்னாளில் 'சங்கீத சாரதா' என்ற நாடகத்தை எழுதி, சிறுமிகளைக் கிழவர்களுக்குக் கட்டிவைக்கும் கொடுமையைச் சாடிப் புகழ் பெற்றவர் இந்தத் தேவல்தான். பள்ளிக்கூடத்திலும் வாத்தியாரின் நாடகப் பித்து மாணவருக்குத் தொற்றிக்கொண்டது என்று சொல்லலாம்.

பிறகு கிர்லோஸ்கருக்குப் புனேயில் வருவாய்த் துறை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பகலில் கோப்பு, இரவில் பாட்டு. வயது முப்பதைத் தாண்டி விட்டது. ஒரு சாதாரண உத்தியோகஸ்தராகவே வாழ்க்கை முடிந்துவிடும் போல் இருந்தது.

ஒரு நாடகம் பார்த்தார். ஒரு நாடகம் பிறந்தது

1880-ம் ஆண்டு. அப்போது பம்பாயைச் சேர்ந்த பார்சி நாடகக் கம்பெனிகளுக்கு நல்ல பெயர். ஜோடித்த திரைகள், பளபளக்கும் உடைகள், தந்திரக் காட்சிகள், பாட்டு எல்லாம் உண்டு. அப்படிப்பட்ட ஒரு கம்பெனி புனேக்கு வந்து 'இந்திர சபா' நாடகத்தை நடத்தியது.

கிர்லோஸ்கர் போய்ப் பார்த்தார். அந்த நாடகத்தில் வேடம் போட்டவர்களே பாடினார்கள். காதலன் பாட்டைக் காதலன் பாடினான். தேவதையின் பாட்டைத் தேவதை பாடியது.

இதை ஏன் மராட்டியில் செய்யக்கூடாது என்ற எண்ணம் அவர் மனத்தில் விழுந்தது. விழுந்த விதை உடனே முளைத்தது.

காளிதாசரின் சாகுந்தலத்தை எடுத்தார். மராட்டியில் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களைச் சேர்த்தார். சகுந்தலையின் துக்கத்தைச் சகுந்தலையே பாடும்படி அமைத்தார். வாயில் வந்ததைப் பேசுவது ஒழிந்தது. எழுதியதைத்தான் பேச வேண்டும்.

ஏழு அங்கமும் தயாராகும் வரை அவர் காத்திருக்கவில்லை. முதல் நான்கு அங்கங்கள் முடிந்ததும் மேடையேற்றிவிட்டார். 1880-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி புனேயில் 'சங்கீத சாகுந்தல' அரங்கேறியது. அவரே சூத்திரதாரராக மேடையில் தோன்றினார். மோரோபா வாகோலிகர், பால்கோபா நாடேகர் முதலிய பாடகர்கள் வேடம் ஏற்றார்கள்.

மராட்டிய சங்கீத நாடகம் என்ற கலை அன்றைக்குத்தான் கண் விழித்தது. படித்தவர்களும் குடும்பஸ்தர்களும் கொட்டகைக்கு வந்தார்கள். காளிதாசர் பெயரைச் சொன்னதால் பண்டிதர்கள் வந்தார்கள். பாட்டைக் கேட்டுப் பாமரர்கள் வந்தார்கள். மீதி அங்கங்களும் பின்னர் மேடை கண்டன.

கிர்லோஸ்கர் நாடக மண்டலி உருவாயிற்று. அலுவலகமும் நாடகமும் ஒரே வண்டியில் ஓட முடியாது. அவர் நாடகத்தைத் தேர்ந்தெடுத்தார். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மாதம் பிறந்தால் வருகிற சம்பளத்தை விட்டுவிட்டு, யாரும் மதிக்காத தொழிலை நம்பி இறங்குவது சின்ன விஷயம் அல்ல.

சௌபத்ரா பிறந்த கதை

சாகுந்தலம் காளிதாசருடையது. அடுத்த நாடகம் தம் சொந்தச் சரக்காக இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். மகாபாரதத்திலிருந்து சுபத்திரையின் கல்யாணத்தை எடுத்துக்கொண்டார்.

நமக்கும் தெரிந்த கதைதான். வில்லிபாரதத்தில் அருச்சுனன் தீர்த்த யாத்திரைச் சருக்கத்தில் வருவது. சாமியார் வேடத்தில் துவாரகை போய்ச் சேர்ந்த அருச்சுனன், கண்ணனின் தங்கையைக் கைப்பிடித்த கதை.

கிர்லோஸ்கர் அதை நாடகமாக்கிய விதம்தான் அழகு.

சுபத்திரைக்கு அருச்சுனன் மேல் உயிர். அருச்சுனனுக்கும் அப்படியே. ஆனால், மூத்த அண்ணன் பலராமன் தங்கையைத் துரியோதனனுக்குக் கொடுப்பதாக முடிவு செய்துவிட்டான். நாரதர் மூலம் செய்தி தெரிந்ததும் அருச்சுனன் வாழ்க்கையே வெறுத்துச் சந்நியாசம் வாங்கக் கிளம்புகிறான். நடுவில் கடோற்கசன் சுபத்திரையைத் தூக்கிக்கொண்டு போகிற அமர்க்களம் வேறு.

கடைசியில் யதி வேடத்தில் அருச்சுனன் வந்து சேர்கிறான். ஊரே வணங்குகிறது. பலராமனுக்கு அந்தச் சாமியார் மேல் அபார பக்தி. அரண்மனையிலேயே தங்க வேண்டும் என்று வேண்டி அழைத்து வருகிறான். அதோடு விட்டானா? சாமியாருக்குப் பணிவிடை செய்யத் தன் தங்கையையே அனுப்புகிறான்!

எந்தக் கல்யாணம் நடக்கக்கூடாது என்று அண்ணன் நினைக்கிறானோ, அந்தக் கல்யாணத்துக்கு அவனே பந்தல் போடுகிறான். கண்ணனுக்கு எல்லாம் தெரியும். ஒன்றும் தெரியாதவன் போல் சிரித்துக்கொண்டு நிற்கிறான். கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் பலராமன்தான்.

இந்த நாடகத்தில் கெட்டவன் யாரும் இல்லை. பலராமன் கெட்டவன் அல்ல. முன்கோபக்கார அண்ணன், அவ்வளவுதான். துரியோதனன் கூட இங்கே வேண்டாத மாப்பிள்ளை என்ற அளவில் நின்றுவிடுகிறான். ருக்மிணி கோபித்துக்கொள்வதும் கண்ணன் சமாதானம் செய்வதும் அக்கம்பக்கத்து வீட்டில் கேட்கிற பேச்சுப் போல இருக்கும்.

துவாரகை அரண்மனையைக் கிர்லோஸ்கர் ஒரு மராட்டியக் குடும்பத்து வீடாக மாற்றிவிட்டார். கண்டிப்பான பெரியண்ணன், குறும்புக்காரச் சின்னண்ணன், பரிந்து பேசும் அண்ணி, மனத்தில் உள்ளதைச் சொல்ல முடியாமல் தவிக்கும் தங்கை. எந்த வீட்டில் இல்லை இந்த நால்வரும்?

1882-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி புனேயில் 'சங்கீத சௌபத்ரா' அரங்கேறியது. இந்த முறையும் அவர் முழு நாடகத்துக்குக் காத்திருக்கவில்லை. முதல் மூன்று அங்கங்களை மட்டும் நடத்தினார். ஐந்து அங்கங்களும் சேர்ந்த முழு நாடகம் 1883-ல் வந்தது.

சாகியும் திண்டியும்

இதிலும் பாடல்கள் நூற்றுக்கு மேல். மேடைக்கு வருகிறவர் பேசுவதை விடப் பாடுவது அதிகம். ஆனால், ஒரு பாட்டும் நீளம் இல்லை. கதையை நிறுத்திவிட்டுப் பாடுவதாகவும் இல்லை. கோபம் வந்தால் ஒரு சிறு பாட்டு; சமாதானம் ஆனால் ஒரு சிறு பாட்டு. வசனம் பாட்டில் வழுக்கி விழுந்து, பாட்டு வசனத்தில் எழுந்து நிற்கும்.

மெட்டுகளுக்கு அவர் தூரதேசம் போகவில்லை. பெண்கள் வீட்டில் பாடும் ஓவி, கீர்த்தனைக்காரர்கள் பாடும் சாகி, திண்டி, தெருவில் கேட்கும் லாவணி, எல்லை ஊரில் சிறு வயதில் கேட்ட கன்னட மெட்டு என்று மக்கள் காதில் ஏற்கனவே இருந்தவற்றையே எடுத்துக்கொண்டார். அதனால்தான் ஒரு முறை கேட்டவர்கள் மறுநாள் காலையில் பாடிக்கொண்டே வேலைக்குப் போக முடிந்தது.

சாகி, திண்டி என்ற பெயர்கள் நம்மில் பலருக்குப் புதியவை அல்ல. கிர்லோஸ்கர் வாழ்ந்த அதே காலத்தில், மராட்டியக் கீர்த்தனைக்காரர்கள் தஞ்சைக்கு வந்து கதை சொன்னார்கள். அதைக் கேட்டுத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் தமிழ்க் கதாகாலட்சேபத்தில் சாகியையும் திண்டியையும் ஓவியையும் சேர்த்துக்கொண்டார். நம் பாட்டிமார் ராமநவமிப் பந்தலில் கேட்ட அந்த மெட்டுகளும் சௌபத்ராவின் மெட்டுகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

பரோடாவிலிருந்து வந்த குரல்

நல்ல நாடகத்துக்கு நல்ல குரல் வேண்டாமா? அந்த அதிர்ஷ்டமும் கிர்லோஸ்கருக்கு 1882-ல் வாய்த்தது.

பாவுராவ் கோல்கட்கர் என்ற இளைஞர் பரோடாவைச் சேர்ந்தவர். வயது இருபதுகூட ஆகவில்லை. பார்க்க லட்சணம், குரல் கணீர் என்று மேலே போகும். கிர்லோஸ்கர் மண்டலி அவரை அழைத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் பெண்கள் மேடை ஏறுவதில்லை. பாவுராவ்தான் சகுந்தலை; பாவுராவ்தான் சுபத்திரை.

பாவுராவின் சுபத்திரையைப் பார்க்க மக்கள் திரண்டார்கள். ரசிகர்கள் அவரை உரிமையோடு பாவட்யா என்று அழைத்தார்கள். வீட்டுப் பிள்ளையைச் செல்லப் பெயரில் கூப்பிடுவது போன்ற அழைப்பு அது. நாடகக்காரனைக் கண்டால் முகம் சுளித்த அதே சமூகம்தான் இப்படி மாறியது.

முடியாத மூன்றாம் நாடகம்

சிரிக்க வைத்த மனிதர் அடுத்தபடியாக எடுத்துக்கொண்டது ஒரு துக்கக் கதை. ராமனுக்குப் பட்டாபிஷேகம் நடக்க வேண்டிய நேரத்தில் நாடு இழந்து காடு போகிற கதை. 'ராமராஜ்ய வியோக' என்று பெயர். 1884-ல் அதன் முதல் மூன்று அங்கங்களை மேடையேற்றினார்.

சாகுந்தலத்தில் நான்கு அங்கம் நடத்திவிட்டுப் பிறகு மீதியை முடித்தார். சௌபத்ராவில் மூன்று அங்கம் நடத்திவிட்டுப் பிறகு மீதியை முடித்தார். இந்த மூன்றாவது நாடகத்தின் மீதியை முடிக்கக் காலன் விடவில்லை.

1885-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி, தாம் பிறந்த குர்லஹொசூரிலேயே அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் காலமானார். அப்போது அவருக்கு வயது 42.

கணக்குப் பார்த்தால், சாகுந்தலம் அரங்கேறிய நாளிலிருந்து அவர் கண் மூடிய நாள் வரை ஐந்து ஆண்டும் இரண்டு நாளும்தான். வாழ்நாளில் அவர் விரும்பிய வேலை அவருக்குக் கிடைத்தது அந்த ஐந்து ஆண்டுகள் மட்டுமே. ஒரு மாநிலத்தின் நாடக மேடையே மாறுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

சௌபத்ராவின் ஆயுள்

ஆசிரியர் போனால் நாடகக் கம்பெனியும் போய்விடுவது வழக்கம். கிர்லோஸ்கர் மண்டலி போகவில்லை. பாவுராவும் மற்றவர்களும் அதைத் தாங்கிப் பிடித்தார்கள். ஊர் ஊராகச் சௌபத்ரா சென்றது.

1901-ல் பாவுராவ் காலமானார். இனி யார் சுபத்திரை என்று ரசிகர்கள் ஏங்கினார்கள். 1905-ல் நாராயண் ஸ்ரீபாத் ராஜஹம்ஸ் என்ற 17 வயதுப் பையன் கம்பெனியில் சேர்ந்தான். அவர்தான் பின்னாளில் மராட்டியம் முழுவதும் பூஜித்த பால கந்தர்வர். அவர் புடவை கட்டும் விதத்தையும் தலையில் பூ வைக்கும் விதத்தையும் பார்த்துக் குடும்பப் பெண்கள் அப்படியே கட்டிக்கொண்டார்கள், வைத்துக்கொண்டார்கள்.

1913-ல் பால கந்தர்வர் பிரிந்து சொந்தக் கம்பெனி தொடங்கியபோதும் சௌபத்ராவை விடவில்லை. தபலா மேதை அகமத் ஜான் திரக்வா அவருடைய கம்பெனியில் வாசித்தார்.

கிர்லோஸ்கர் மண்டலியில் இருந்த இன்னொரு பாடகர் தீனாநாத் மங்கேஷ்கர். லதா மங்கேஷ்கரின் தந்தை. அவர் 1918-ல் தனிக் கம்பெனி கண்டார். ஒரு நாள் சௌபத்ரா நாடகத்துக்கு நாரதர் வேடக்காரர் வரவில்லை. தந்தை அருச்சுனன். சிறு குழந்தையான லதா, தானே நாரதராக மேடை ஏறிப் பாடினார். பின்னர் உலகமே கேட்ட அந்தக் குரலைச் சபையில் முதன்முதலாகக் கேட்டவர்களில் சௌபத்ரா ரசிகர்களும் உண்டு.

ஒன்ஸ் மோர்!

மராட்டிய சங்கீத நாடகம் பார்க்கிறவர்களின் பழக்கம் ஒன்று உண்டு. பாட்டுப் பிடித்துவிட்டால் சபையிலிருந்து ஒன்ஸ் மோர் என்று குரல் எழும். பாடகர் மறுபடி பாட வேண்டும். மறுபடியும் குரல் எழுந்தால் மறுபடியும் பாட வேண்டும். கதை அப்படியே நிற்கும். கோபத்தோடு வெளியே கிளம்பிய ருக்மிணி, திரும்பி வந்து, அதே கோபத்தை இன்னொரு தடவை பாடிவிட்டுப் போவாள்.

அக்காலத்தில் இரவு சாப்பாட்டுக்குப் பின் தொடங்கிய நாடகம் விடியற்காலையில் முடியும். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நேராக வேலைக்குப் போனவர்கள் உண்டு.

இதைக் குறையாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். பாட்டு நாடகத்தை விழுங்கிவிட்டது என்றார்கள். கிர்லோஸ்கர் எழுதிய சின்னப் பாட்டைப் பின்னால் வந்த பாடகர்கள் கச்சேரி போல இழுத்தார்கள் என்றார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால், ரசிகர்கள் காசு கொடுத்துக் கேட்டது அந்தப் பாட்டைத்தானே!

1930-களில் பேசும் படம் வந்தது. நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. கொட்டகைகள் சினிமாத் தியேட்டர்களாக மாறின. நம் ஊரிலும் இதே கதைதான். சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த கம்பெனிகள் அப்படித்தான் கலைந்தன.

சௌபத்ரா மட்டும் படுத்துவிடவில்லை. கிர்காவில் உள்ள மும்பை மராட்டி சாகித்ய சங்கம் பழைய சங்கீத நாடகங்களுக்கு இடம் கொடுத்தது. புனேயில் ஜயராம் சிலேதார், ஜயமாலா சிலேதார் தம்பதிகள் 1949-ல் 'மராட்டி ரங்கபூமி' என்ற அமைப்பைத் தொடங்கி, இந்த நாடகங்களை விடாமல் நடத்தினார்கள். அவர்கள் மகள் கீர்த்தி சிலேதாரும் அதே வழியில் நின்றார். ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே போட்ட சுபத்திரை வேடம் பெண்கள் கைக்கு வந்தது. நாடகம் மூன்று மணி நேரத்துக்குள் சுருங்கியது. கதையும் பாட்டும் அதேதான்.

எதற்காக இந்த அன்பு?

சௌபத்ராவைவிட ஆழமான நாடகங்கள் மராட்டியில் உண்டு. சமூகத்தைத் திருத்திய நாடகங்கள் உண்டு. வெள்ளைக்கார ஆட்சி தடை செய்த நாடகமும் உண்டு. அவற்றை மராட்டியர்கள் மதிக்கிறார்கள். சௌபத்ராவிடம் அவர்கள் வைத்திருப்பது மதிப்பு மட்டும் அல்ல, அன்பு.

அது பிறந்த காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். 1876-ல் தொடங்கிய பெரும் பஞ்சம் தக்காணத்தையும் நம் சென்னை மாகாணத்தையும் ஒருசேர வாட்டியது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். அந்தப் பஞ்சம் ஓய்ந்து நான்கே ஆண்டுகளில் வந்த நாடகம் சௌபத்ரா. அதன் பிறகு 1896-ல் பம்பாயிலும் மறு ஆண்டில் புனேயிலும் பிளேக் நோய் பரவியது. அந்தத் தலைமுறை கண்ட துயரம் கொஞ்சம் அல்ல.

அப்படிப்பட்ட நாளில், எல்லோரும் நல்லவர்களாக இருக்கிற ஒரு வீட்டை, தவறாமல் நடந்தேறுகிற ஒரு கல்யாணத்தை, இரவு முழுவதும் பாட்டோடு பார்க்கக் கிடைத்தது. அதை லேசான காரியம் என்று எப்படிச் சொல்வது?

அன்றாடம் ரயிலில் தொங்கிக்கொண்டு போய்வரும் இந்த மும்பையில், அந்தத் தேவை இன்றும் தீர்ந்துபோகவில்லை.

மொழி தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. கதை நமக்குத் தெரியும். ராகம் நம் காதுக்குப் பழக்கம். தாதரிலோ கிர்காவிலோ பார்லாவிலோ எப்போதாவது 'சங்கீத சௌபத்ரா' விளம்பரம் கண்ணில் பட்டால், மராட்டிய நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்வரலாம். பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒவ்வொரு பாட்டையும் பாடகருக்கு முன்னால் முணுமுணுப்பார். பலராமன் ஏமாறுகிற இடத்தில் நூறாவது தடவையாகச் சிரிப்பார்.

படிப்பைக் கோட்டைவிட்டார், உத்தியோகத்தை உதறினார் என்று உறவினர் கவலைப்பட்ட ஓர் எல்லை ஊர் மனிதர், 42 வயதில் விட்டுப்போன சொத்து அந்தச் சிரிப்பு.